சௌந்தரம் விட்டுப்போன வட்டம்

"பெத்த பிள்ளை செத்த அன்னிக்குச் சக்கரை டப்பாவைத் தேடுனவகூட இன்னமும் எப்புடீங்க அம்மிணி குடித்தனம் பண்றது?"

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஆறுச்சாமி கேட்டுவிட்டார்.

நாகமணி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியை அதன் தாங்கியில் வைத்தாள்.

"உக்காருங்கண்ணா" என்றாள்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாகமணி வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வந்துவிட்டால், மாணவர்கள் வெளியே போய் மழை வருகிறதா என்று பார்ப்பார்கள்.

சிங்காநல்லூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவள் ரேடியோ வகுப்பு நடத்திவந்தாள். வயது முப்பத்து நான்கு. ஆறுச்சாமிக்கு ஐம்பது முடிந்துவிட்டது. மில்லில் எலக்ட்ரீஷியன். காலை ஷிப்டு முடிந்து, காக்கிச் சட்டையில் பஞ்சு ஒட்டியது ஒட்டியபடி நேராக வந்திருந்தார்.

அவருடைய மகள் சௌந்தரம் அந்த மாடியில் இரண்டு வருஷம் படித்தாள். வகுப்பில் இருந்த ஒரே பெண்பிள்ளை. ஏழு மாதத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்து, நாலே நாளில் போய்விட்டாள். பத்தொன்பது வயது.

"பிள்ளையோட சாமானை எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

நாகமணி சுவர் அலமாரியைக் காட்டினாள்.

கீழ்த்தட்டில் ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. அடிப்பக்கம் திறந்த பெட்டி. மேலே, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் ஒரே ஒரு கண்ணாடி வால்வு. உள்ளே நாலைந்து சாமான்கள், பாதி ஒயர்கள் பற்றவைக்காமல் தொங்கின. பக்கத்தில் ஒரு நோட்டு.

"இது என்னுங்க?"

"வட்டம்."

"எங்க வட்டம்?"

"இன்னும் வரலை."

ஆறுச்சாமி நோட்டைத் திறந்தார். பென்சிலில் ஒரு சர்க்யூட் படம். ஓரத்தில் கையாலேயே போட்ட ஒரு வட்டம். அதற்குக் கீழே, 'வந்ததும் அப்பாவுக்குக் காட்டணும்' என்று எழுதியிருந்தது.

அவர் நோட்டைப் பட்டென்று மூடினார். அந்த வரிக்கு மேல் படிக்க அவரால் முடியவில்லை. யாரால் முடியும்?

"எடுத்துட்டுப் போறனுங்க."

"முடிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க."

"எனக்கு வால்வு வேலை தெரியாதுங்களே."

"வந்தப்ப அவளுக்கும் தெரியாது."

நாகமணி எழுந்து, ஜன்னலோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டாள். ஏழு மாதமாக அந்த ஸ்டூலில் யாரையும் அவள் உட்காரவிட்டதில்லை. அது ஆறுச்சாமிக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்.

*

ஆறுச்சாமியின் கை வேலை செய்தது. வாய் அதன் பாட்டுக்குப் பேசியது.

"வெள்ளிக்கிழமை மச்சான் வர்றாருங்க. பல்லடத்துல இருந்து. அவளைக் கூட்டிக்கிட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிருவாரு. போனா வரமாட்டா. நானும் கூப்புடப் போறதில்லீங்க."

நாகமணி ஒரு ஒயரின் நுனியைச் சுரண்டி அவரிடம் நீட்டினாள்.

"அன்னிக்கு நானு நடுக்கூடத்துல உருண்டு கெடக்கறனுங்க. ஊடு நெறையச் சனம். மயிலா வந்து என்ற தலைமாட்டுல குனியறா. சரி, இப்ப அழுவா, ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுது தீர்த்துருவோம்னு நெனைச்சேன். 'ஏனுங்க, சக்கரை எங்க வெச்சீங்க, வந்தவங்க வாயி காஞ்சு உக்காந்திருக்காங்க'ங்கறா. கண்ணுல ஒரு சொட்டு இல்லீங்க அம்மிணி."

மயிலாத்தாள் அவர் மனைவி. கட்டி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

"சரின்னு உட்டேன். மூணு மாசம் போச்சு. நானு கொஞ்சம் தேறி வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். ஒரு நாளு ஷிப்டுல எவனோ என்னமோ சொன்னான், சிரிச்சுக்கிட்டே ஊட்டுக்கு வர்றேன். இவ பிள்ளையோட ரிப்பனைக் கையில சுத்திக்கிட்டு ஒப்பாரி வெக்கறா. தெருவே நின்னு பாக்குது. அடுப்புப் பத்தவைக்கலை. நாந்தான் சோறாக்குனேன். எனக்கு ஒரு பொட்டு அழுகை வரலைங்க. வரவே இல்லை."

"ம்."

"போன மாசம் நானு மறுபடி விழுந்துட்டேன். மூணு நாளு பாயை விட்டு எந்திரிக்கலை. இவ என்ன பண்ணுனா தெரியுங்களா? மில்லுக்குப் போயி லீவு சொன்னா. துணி தொவைச்சா. காலையில வாசல்ல கோலம் போடறாங்க, கோலம்! 'நீ பொம்பளையே இல்ல, கல்லு'ன்னுட்டேன். அன்னிக்கு நிறுத்துனவதான். பேச்சே இல்லை. அண்ணனுக்குக் காயிதம் போட்டுட்டா."

அவர் ஒயரைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவைங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருந்தா நானு பொழைச்சிருப்பேன். அந்தக் கொடுப்பினைகூட எங்களுக்கு இல்லை. பிள்ளையும் போயி, புருசன் பொண்டாட்டியும் ரெண்டாப் போயி, இன்னி எதுக்குங்க இந்தக் கட்டை கெடக்கணும்?"

ஆறுதலுக்கு ஒரு சொல் கிடைக்கும் என்றுதான் அவர் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பார்கள்.

நாகமணி சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டாள். வால்வுக்குள் ஒரு சின்னச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"சூடாகட்டும்ணா. அது வரைக்கும் எதையும் தொடாதீங்க."

*

மறுநாளும் வந்தார். ஒயர் எல்லாம் பற்றவைத்தாயிற்று.

மேசைமேல் நாகமணியின் ஸ்கோப் இருந்தது. அலையைக் கண்ணுக்குக் காட்டும் பெட்டி. முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கரண்டு கொடுத்தால் அதில் ஒரு பச்சைப் புள்ளி வரும். பெட்டிக்குள் ஓர் அலையை அனுப்பினால் புள்ளி மேலும் கீழும் போகும். இன்னோர் அலையை அனுப்பினால் இடமும் வலமும் போகும். சௌந்தரத்தின் ஒற்றை வால்விலிருந்து வரும் அந்த இரண்டு அலைகளும் சேர்ந்து புள்ளியை ஓட்ட வேண்டும். ஓட்டம் சரியாக இருந்தால் வட்டம்.

நாகமணி இரண்டு ஒயர்களையும் மாட்டினாள்.

சாய்ந்த பூசணி விதை ஒன்று கண்ணாடியில் வந்து நின்றது. ஒல்லியாக, பச்சையாக.

"வட்டம் இல்லீங்களே."

"இல்லை."

"ஏனுங்க?"

நாகமணி பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். அங்கே ஆறேழு பேர் பாடத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஆறுச்சாமி மகளின் பெட்டியில் இருந்த குமிழைத் திருப்பிப் பார்த்தார். விதை குண்டாயிற்று. இரண்டு ஓரமும் விலகுகிறதே என்று பயந்துபோய் எதிர்ப்பக்கம் திருப்பினார். மெலிந்தது. இன்னும் திருப்பினார். இன்னும் மெலிந்தது. அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

இங்கே ஆறுச்சாமியின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அவர் மில்லில் இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு. கரண்டு போனால் முதலில் ஒன்றை ஓட்டுவார்கள். பாரம் தாங்காதபோது இரண்டாவதை அதோடு சேர்க்க வேண்டும். சேர்ப்பதுதான் கண்டம். இரண்டின் அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி இருக்கும்போது சுவிட்சைப் போட்டால், மிசின் அறுத்துக்கொண்டு போகும், ஆளும் போவான். அதற்காகப் பலகையில் மூன்று விளக்குகள் இருக்கும். அலைகள் விலகியிருக்கும்போது எரியும். ஒன்றாகும்போது மங்கி மங்கி அணையும். மூன்றும் இருண்ட அந்த நொடியில் சுவிட்சு.

இருபத்திரண்டு வருஷமாக அந்த நொடிக்காக விளக்கையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. மில்லில் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் கண்ணுக்கு அந்தப் பெட்டியில் தப்பு உடனே அகப்பட்டுவிட்டது. இரண்டு அலைகளில் ஒன்று பிந்தி வருகிறது. பிந்த வைப்பது யார்? வால்வுக்குக் கீழே, பழுப்பு நிறத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு கண்டன்சர். அலை அதற்குள் போய்த் தயங்கித்தான் வெளியே வருகிறது.

கட்டரை எடுத்தார். இரண்டு காலையும் நறுக்கி, கண்டன்சரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியில் விதை மறைந்து, கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஒரே கோடு. நூல் பிடித்த கோடு.

"அம்மிணி!"

ஏழு மாதத்தில் அவர் அவ்வளவு உற்சாகமாக யாரையும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாகமணி வந்தாள்.

"பாருங்க. ரெண்டும் ஒண்ணா ஏறுது, ஒண்ணா எறங்குது. மயிரளவு வெலகலை."

"வட்டம்?"

"பிள்ளை இதைத் தப்பா வெச்சிருந்துச்சுங்க. அதான் ஒண்ணு பிந்திப் பிந்தி வந்துச்சு. பாவம், அதுக்கென்ன தெரியும், சின்னப்பிள்ளை."

நாகமணி கோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் முகம் இறுகிப்போயிற்று. கோபம்தான், வேறொன்றுமில்லை.

சுவிட்சை அணைத்தாள்.

"நாளன்னிக்கு வாங்க" என்றாள்.

*

அந்த இரண்டு நாளும் ஆறுச்சாமியின் வீட்டில் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்டது.

மயிலாத்தாள் தன் புடவைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். மகளுடைய தாவணி ஒன்றையும் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவள் முகத்தில் ஏதாவது அசைந்தால் கேட்கலாம் என்று காத்திருந்தார். அசையவில்லை.

வியாழக்கிழமை மறுபடி மாடியேறினார்.

ஸ்கோப் முன்னால் இரண்டு ஸ்டூல்கள் கிடந்தன. சௌந்தரத்தின் பெட்டி ஓரமாகக் கிடந்தது. ஒயர் எதுவும் மாட்டவில்லை. கண்ணாடியில் பச்சைப் புள்ளி மட்டும் மங்கலாக நின்றது.

"உக்காருங்க. இந்தக் குமிழ் உங்களுக்கு. திருப்புனா புள்ளி மேலயும் கீழயும் போகும். இது எனக்கு. இடமும் வலமும்."

"என்னுங்க பண்ணணும்?"

"வட்டம்."

அவள் தன் குமிழை வலக்கோடிக்குத் திருப்பி நிறுத்தினாள். மெல்ல இடக்கோடிக்குக் கொண்டுபோனாள். நிறுத்தினாள். மறுபடி வலம். ஒரே சீராக.

ஆறுச்சாமி அவள் கையையே பார்த்தார். அவள் கிளம்பும்போது கிளம்பினார். அவள் நின்றபோது நின்றார். மில்லுக்காரர் கை, ஒரு நொடி பிசகவில்லை.

புள்ளி மூலைக்கு மூலை கோடு கிழித்தது.

"மறுபடி கோடுதானுங்க வருது."

"நான் நிக்கறப்ப நீங்க ஏன் நிக்கறீங்க?"

"சேர்ந்து வர வேண்டாமுங்களா?"

"நான் நிக்கறப்ப ஓடுங்க."

"அப்ப நீங்க?"

"நீங்க நிக்கறப்ப நான் ஓடறேன்."

அவருக்கு அது கைக்கு வரவே இல்லை. நாலு தடவை கோடாயிற்று. ஐந்தாவது தடவை என்னவோ கோணல். நெற்றி வேர்த்தது. அவள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்த்தார். அவள் வலக்கோடியில் நின்றபோது இவர் கை நடுவைக் கடந்து வேகமாக மேலே ஏறியது. இவர் உச்சியில் நின்றபோது அவள் கை இடப்பக்கம் ஓடியது.

புள்ளி சுற்றியது.

கை நடுங்கி ஊற்றிய தோசை மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. எந்த இடத்திலும் நிற்கவில்லை.

ஆறுச்சாமி கையை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னுட்டா?"

நாகமணியும் கையை எடுத்தாள்.

புள்ளி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதுபோல் அவருக்குப் பட்டது. அவள் சட்டென்று வெளிச்சத்தைக் குறைத்தாள்.

"ஒரே இடத்துல நின்னா கண்ணாடி வெந்துரும்ணா."

அப்போதுதான் அவர் கவனித்தார். கண்ணாடியின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புக் காயம் இருந்தது.

"இது எப்ப வெந்ததுங்க?"

நாகமணி அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"சௌந்தரம் போயிட்டான்னு காலையில ஆளு வந்து சொன்னாங்க. அப்பத்தான் ஆன் பண்ணியிருந்தேன். அப்படியே உக்காந்துட்டேன். சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் வந்து அணைச்சார்."

அவளுக்கு அது நீளமான பேச்சு. முடித்ததும் எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஆறுச்சாமி அவள் முதுகையே பார்த்தார். இந்தப் பெண் சாவுக்கு மூன்றாம் நாள் வீட்டு வாசல்வரை வந்து, ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப்போனவள். 'படிச்ச திமிரு' என்று அன்றைக்கு அவர் திட்டியிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வந்தார்.

சட்டைப்பையிலிருந்து கண்டன்சரை எடுத்து மேசைமேல் வைத்தார். நறுக்கிய கால்கள் குட்டையாக இருந்தன. துண்டு ஒயர் சேர்த்து நீட்ட வேண்டியிருந்தது. எந்தக் கால் எங்கே போகும் என்று பார்க்க நோட்டைத் திறந்தார். முதல் நாள் பட்டென்று மூடிய அதே பக்கம்தான். 'அப்பாவுக்குக் காட்டணும்' என்ற வரியைக் கண்ணை இறுக்கிக்கொண்டு தாண்டினார்.

படத்தில் கண்டன்சருக்கு நேரே ஓர் அம்புக்குறி. சௌந்தரத்தின் கோழிக்கிறுக்கல்.

'இது வேணும்னே லேட். எடுத்துராதே.'

தனக்குத்தானே எழுதிவைத்துக்கொண்டது. தலையெழுத்தைப் பாருங்கள், முன்னாலேயே இரண்டு வரி கூடப் படித்திருந்தால் நறுக்கியிருக்க மாட்டார்.

"பிள்ளை சரியாத்தாங்க வெச்சிருக்குது" என்றார். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

பற்றவைத்தார். ஈயம் உருகி மினுங்கி இறுகியது. வால்வு சூடாகும்வரை எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியில் பூசணி விதை வந்தது.

குமிழைத் திருப்பினார். மெலிகிற பக்கம் போகவில்லை, குண்டாகிற பக்கம். விதை பருத்தது. முட்டையாயிற்று. அவர் விரல் இன்னும் ஒரு நெல்லளவு நகர்ந்தது.

வட்டம் வந்தது.

பச்சையாக, ஆடாமல், நடுவிலிருந்த அந்தப் பழுப்புக் காயத்தைச் சுற்றி, அதைத் தொடாமல் நின்றது. ஒரு நொடியில் ஐம்பது சுற்று. கண்ணுக்கு எதுவும் ஓடுவதாகவே தெரியவில்லை.

ஆறுச்சாமி சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் பொய். இதைக் காட்ட வேண்டிய பிள்ளை இல்லை. காட்டினாலும் பார்க்க இன்னொருத்தி இன்னும் ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, யாரோ முதுகில் தட்டியதுபோல, நிமிர்ந்தார்.

"அன்னிக்கு ஊட்டுல அம்பது பேருங்க" என்றார்.

நாகமணி திரும்பினாள்.

"நானு கீழ கெடந்தேன். அம்பது பேருக்கும் ஒருத்தி காப்பி ஊத்துனா."

நாகமணி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மணி என்னங்க அம்மிணி?"

"நாலே கால்."

அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"பெட்டியை எடுத்துட்டுப் போகலையா?"

"ஓடட்டுமுங்க. அணைச்சுராதீங்க."

*

சைக்கிளை எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. எண்ண முடியாத பெட்டிகள். கம்பிக்கு அடியில் குனிந்து போகலாமா என்றுகூட நினைத்தார்.

தெருவில் நுழையும்போது வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டி தெரிந்தது. பக்கத்தில் மச்சான் நாச்சிமுத்து, தோளில் துண்டோடு.

"வாங்க மாப்பிள்ளை. இந்நேரம் கெளம்பியிருப்போம். திடீர்னு இப்புடி உக்காந்துக்கிட்டா. நானு என்ன பண்றது சொல்லுங்க."

மயிலாத்தாள் கதவுக்கு உள்ளே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளுடைய தாவணி. தலைமுடி அவிழ்ந்திருந்தது. வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக அழுகிறாளோ, குரல் தேய்ந்துபோயிருந்தது.

"என்ற கண்ணே… என்ற சாமி…"

ஆறுச்சாமிக்குக் கண் நிறைந்தது. பாயில் கிடந்த நாளில் வந்த அதே அழுகை, அடிவயிற்றிலிருந்து, அதே வேகத்தில் ஏறி வந்தது.

அவர் நின்றார்.

இதைத்தானே கேட்டார்? ஏழு மாதமாக இந்த ஒரு நொடியைத்தானே கேட்டார்? அவள் அழுகிறாள். அவருக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். கண்ணுக்குள் அந்த மூன்று விளக்குகளும் மங்கி மங்கி இருண்டன. இருபத்திரண்டு வருஷத்துக் கை தானாகவே சுவிட்சுக்கு நீண்டது.

மயிலாத்தாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம்கூட மிச்சமில்லை. நின்றுபோன கண்.

"மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் நாச்சிமுத்து.

ஆறுச்சாமி எச்சிலை விழுங்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. அவளைத் தாண்டி உள்ளே போனார்.

ஸ்டவ்வைப் பம்பு அடித்தார். மூன்று தீக்குச்சி அணைந்தது. நாலாவது பற்றியது. தண்ணீர் வைத்தார். காப்பித்தூளை எடுத்தார். அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். உப்பு. பருப்பு. வெந்தயம்.

கூடத்தில் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

குரல் உடைந்துவிடாமல் இருக்க, அவர் சத்தமாகவே கேட்டார்.

"ஏ மயிலா, சக்கரை எங்க வெச்சிருக்கற? உங்கண்ணன் வாயி காஞ்சு நிக்கறாரு பாரு."